யாரிடமும் எதுவும் கேட்காத விஸ்டின்

ஹால் தவ்ரா ஊரில் கோழி கூவி விடிந்ததெல்லாம் பழைய கதை. இப்போது விஸ்டின் பேசினால்தான் விடியும். காலை எட்டு மணிச் செய்தி முடிந்ததும் வானொலியில் மக்கள் குறை சொல்லும் நிகழ்ச்சி ஆரம்பிக்கும். முதல் அழைப்பு அவருடையதுதான். நிகழ்ச்சியை நடத்துகிற ரீனு, "யாரு பேசறீங்க?" என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்பார். அந்தக் குரல் மால்டா தீவு முழுவதுக்கும் தெரியும். ரீனுவுக்குத் தன் மாமியார் குரலைவிட நன்றாகத் தெரியும்.

"விஸ்டின் பேசறேன், ஹால் தவ்ராவுலேர்ந்து. ரீனு, முன்னெல்லாம் எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா கோயில் கோபுரம் தெரியும். இப்ப கோபுரத்து மேல ஏறிப் பார்த்தாலும் கிரேன்தான் தெரியுது. தீவு இவ்வளவுதான் நீளம், காருங்க வரிசை அதைவிட நீளம். கடைசிக் காரு கடலுக்குள்ள நிக்குது. குழாய்த் தண்ணியில சூப் வச்சா உப்பு போட வேண்டியதில்ல. இதையெல்லாம் கேக்க ஒரு நாதி உண்டா?"

"நீங்கதான் கேக்கறீங்களே, விஸ்டின் சார்."

"நான் கேக்கல ரீனு, சொல்றேன். நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல. அந்த உரிமையிலதான் பேசறேன்."

இந்தக் கடைசி வரியில்தான் விஸ்டினின் மொத்த மானமும் இருந்தது. பல்வலிக்கு ஒரு புனிதர், தொண்டைக்கு ஒரு புனிதர், சாவி தொலைந்தால் ஒரு புனிதர் என்று தீவில் ஏற்பாடு இருப்பதுபோல, ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு மந்திரியும் உண்டு. மருமகனுக்கு வேலை, மாடி கட்ட அனுமதி, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், எதுவானாலும் ஒரு போன் போதும். கேட்பவருக்கு வெட்கம் கிடையாது, கொடுப்பவருக்கும் கிடையாது. கேட்காமல் கிடைத்தால்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட ஊரில் இந்த மனிதர் மட்டும் ஒரு மந்திரி அலுவலக எண்ணைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் அறுபத்தாறு வயதுவரை வந்துவிட்டார்.

வேலையிலிருந்த காலத்திலும் இதே முறுக்குதான். பக்கத்துத் தீவான கோஸோவுக்குப் போகும் படகில், கார்களை வரிசையாக உள்ளே ஏற்றி நிறுத்துகிற வேலை அவருக்கு. ஒருமுறை ஒரு மந்திரியின் டிரைவர் கண்ணாடியை இறக்கி, "உள்ள யாரு இருக்காங்க தெரியுமில்ல?" என்று கேட்டான். "தெரியும், அதான் நிழலா பார்த்து நிறுத்தறேன்" என்று சொல்லி, கோழிக்கூண்டு லாரிக்குப் பின்னால் அனுப்பிவைத்தார். மந்திரி கரையிறங்கும்போது கோட்டில் இறகு ஒட்டியிருந்ததாம். அந்தக் கதையை ஊர்க் கிளப்பில் அவர் சொல்லாத வாரமில்லை. ஒவ்வொரு தடவையும் இறகு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தத் தீவில் ஒரு குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு முன்பே அது சிவப்பா நீலமா என்று கட்சி தெரிந்துவிடும். விஸ்டின் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி லோன்சாவுக்கே தெரியாது. அவளும் முயலாமல் இல்லை. ஒயின் ஊற்றிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், தூக்கத்தில் உளறுவாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்தும் பார்த்தாள். மனிதர் தூக்கத்திலும் இரண்டு கட்சியையும் சரிசமமாகத் திட்டினார்.

நாட்டையே பழுது பார்க்கத் துடித்த இந்த மனிதரின் சமையலறையில் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மகள் சின்னப் பெண்ணாகத் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கின நாளில் சொட்ட ஆரம்பித்தது அது. அந்த மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்குப் போய் அவள் மகனுக்கே மீசை முளைத்துவிட்டது. குழாய் இன்னும் சொட்டுகிறது. "நாளைக்குப் பார்த்துடறேன்" என்று விஸ்டினும் இன்னும் சொல்கிறார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அடுத்த வீட்டை இடித்துவிட்டு ஆறு மாடி எழுப்பினார்கள். அதற்கு வந்த லாரிகள் போட்ட குழி, விஸ்டின் வீட்டு வாசலுக்கு நேராக, தெரு வளைகிற இடத்தில். முதலில் சோற்றுத் தட்டு அளவு இருந்தது. பிறகு குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற அளவானது. விஸ்டின் அதைப்பற்றி வானொலியில் பேசாத நாளில்லை. ஊர்ச்சபை, "சாலை எங்களுடையதல்ல, அமைச்சகத்துடையது" என்றது. அமைச்சகம், "வளைவு ஊர்ச்சபையுடையது" என்றது. இரண்டு பேரும் கைவிட்ட பள்ளம் அநாதைப் பிள்ளையாக வளர்ந்தது.

ஆகஸ்ட் பிறந்தது. ஊரின் காவல் புனிதர் ரொக்குவின் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பாண்டு வாத்தியக் கிளப்பின் தலைவர் நஸ்ரேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். திருவிழா ஏற்பாடு மொத்தமும் அவர் கையில்தான்.

"லோன்சா, மனசைத் தேத்திக்க. இந்த வருஷம் புனிதர் உங்க தெரு வழியா வர மாட்டார்."

லோன்சா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எட்டுப் பேர் தோள்ல தூக்கிட்டு வர்ற சிலை. அந்தக் குழியில ஒருத்தன் கால் போச்சுன்னா புனிதரோட காலும் போச்சு. ஏற்கெனவே சிலையில அவருக்குத் தொடையில புண்ணு. அதான் பின் தெரு வழியா திருப்பிட்டோம்."

"பின் தெருவுலயா? கிராசியா வீட்டு வழியாவா?"

நஸ்ரேன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான்.

கிராசியா, லோன்சாவின் அண்ணன் மனைவி. விஷயம் புரிய வேண்டுமென்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஸ்டின் வீட்டு வளைவில் சிலையைத் திருப்புவதற்கு முன்னால், தூக்குகிறவர்கள் கவட்டைக் கம்புகளைத் தரையில் ஊன்றி, சிலையை அவற்றின்மேல் நிறுத்தித் தோள் மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சில நிமிஷங்கள் புனிதர் ரொக்கு, தன் நாயோடு, லோன்சாவின் மர பால்கனியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பார். லோன்சா மேலிருந்து கூடை கூடையாகக் காகிதப் பூக்களைக் கொட்டுவாள். கிராசியா கீழே கூட்டத்தில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பாள். லோன்சாவின் வருஷம் அந்த நிமிஷத்தில்தான் தொடங்கி அந்த நிமிஷத்தில்தான் முடியும்.

"உன் ரேடியோ நல்லா வேலை செய்யுது மனுஷா" என்றாள் லோன்சா. "புனிதரைக் கொண்டுபோய் கிராசியா வாசல்ல இறக்கி விட்டுடுச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணு. தேர்தல் வருது, நீ கேட்டா தெருவையே பளிங்குல போடுவாங்க."

"நான் யாருகிட்டயும்..."

"எதுவும் கேட்டதில்ல. தெரியும். நான் உங்கிட்ட கேட்டதும் எதுவும் கிடைச்சதில்ல."

அவள் சொன்னது சரியாக இருந்தது. தேர்தல் வந்துகொண்டுதான் இருந்தது, வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த வாரமே விஸ்டின் வீட்டுக்கு, ஒரே நாளில், இரண்டு பேர் வந்தார்கள். ஆட்சியிலிருக்கிற சிவப்புக் கட்சிக்கு ஒரு பல் டாக்டர், நீலக் கட்சிக்கு ஒரு வக்கீல். லோன்சா கண்ணாடி அலமாரியிலிருந்து தங்கக்கோடு போட்ட கோப்பைகளை எடுத்தாள். டாக்டர் குடித்த கோப்பையைக் கழுவித் துடைப்பதற்குள் வக்கீல் மணியடித்தார். அவர் உள்ளே வரும்போதே நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலில் புழுதி. வாசல் பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தார் பாவம்.

"வீட்டுல ஏதாவது தொந்தரவு உண்டா? தயங்காம சொல்லுங்க" என்றார், முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

லோன்சா வாயைத் திறந்தாள். விஸ்டின் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல. சொர்க்கம் மாதிரி இருக்கு."

சமையலறையிலிருந்து குழாய், டொக், என்றது.

வக்கீல் போனதும் வெடித்தாள். "ரேடியோவுல தினம் கத்தறே. அந்த ஆளு நம்ம குழியில விழுந்துட்டு வந்து, நம்ம சோபாவுல உட்கார்ந்து, என்ன வேணும்னு கேக்கறான். சொல்றதுக்கு என்ன கேடு?"

"ரேடியோவுல சொன்னா அது குறை. வீட்டுக்குள்ள காபி கொடுத்துட்டு சொன்னா அது கையேந்தறது. நாளைக்கு அவன் தெருவுல நின்னு 'விஸ்டினுக்கு நான் செஞ்சேன்'னு சொல்லுவான். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட போன் எடுக்கறது?"

"அந்த மூஞ்சியை நீயே வச்சுக்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அங்கயாவது சாமி வாசல் வழியா வருது." பெட்டியைக் கட்டிக்கொண்டு கோஸோவுக்குப் படகேறிவிட்டாள்.

லோன்சா இல்லாத வீட்டில் குழாய்ச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. விஸ்டின் தனியாக உட்கார்ந்து ரொட்டியில் தக்காளி தேய்த்துத் தின்றார். மானமும் போகக்கூடாது, மனைவியும் திரும்பி வரவேண்டும். யாரையும் கேட்கக்கூடாது, பள்ளமும் மூடவேண்டும். அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தத் தீவில் யாருக்குமே தோன்றாத யோசனை அது: தானே மூடிவிட்டால் என்ன?

பக்கத்து ஊர் சாமான் கடைக்குப் போய் சிமெண்ட் வாங்கினார். உள்ளூரில் வாங்கினால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள்.

"கலக்கத் தெரியுமா?" என்று கேட்டான் கடைக்காரன். "எவ்வளவு தண்ணின்னா..."

"நான் இன்னிக்குப் பொறந்தவனில்லப்பா" என்று சொல்லி மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் மாத மதியம், ஊர் மொத்தமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரம் அது. வெயிலில் நாய்கூட நடமாடாது. விஸ்டின் பனியனோடு இறங்கினார். சிமெண்ட் போதாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆகவே அடியில் உடைந்த பூந்தொட்டிகள், பழைய செய்தித்தாள் கட்டு, கொல்லையில் உருண்டு கிடந்த ஒரு நசுங்கிய அலுமினியப் பானை, எல்லாவற்றையும் போட்டு நிரப்பினார். மேலே கலவையை ஊற்றினார். கூழ் மாதிரி வழவழவென்று அழகாகப் பரவியது. லோன்சா பலகாரம் தேய்க்கிற உருளைக்கட்டையைக் கொண்டுவந்து மேலே இழைத்தார். கேக்குக்குச் சர்க்கரைப் பாகு தடவினதுபோல மினுமினுத்தது. அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஈரத்தில் யாரும் மிதித்துவிடக்கூடாதே என்று, பக்கத்துக் கட்டடத்தில் சாய்த்து வைத்திருந்த தடுப்பையும், 'பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற பலகையையும் இழுத்து வந்து வைத்தார். அங்கேதான் சனி பிடித்தது.

மாலையில் ஊர் கண்விழித்துப் பார்த்தது. தடுப்பு இருக்கிறது, பலகை இருக்கிறது, பள்ளம் இல்லை. இரண்டு நிமிஷத்தில் கிளப்புக்குச் செய்தி போயிற்று. நஸ்ரேன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அமைச்சகம் வேலைதான். பார்த்தாலே தெரியுது. என்ன வழவழப்பு! புனிதர் பழைய வழியிலேயே வருவார்." விஸ்டின் தோளில் தட்டினார். "கடைசியில கேட்டுட்டே, இல்ல?"

"நான் யாரையும் கேக்கல. நானே போட்டேன்."

நஸ்ரேன் கண்ணைச் சிமிட்டினார். "சரி சரி. எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

மறுநாள் காலைக்குள் ஃபேஸ்புக்கில் இரண்டு படங்கள் வந்துவிட்டன. ஒன்றில் பல் டாக்டர் பள்ளமிருந்த இடத்தைக் கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்: 'சொன்னதைச் செய்வோம்.' இன்னொன்றில் வக்கீல் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்: 'விழுந்தேன், எழுந்தேன், மூடினேன்.' விஸ்டினுக்கு ரத்தம் தலைக்கேறியது. எட்டு மணிக்குப் போனை எடுத்தார்.

"ரீனு, கேட்டுக்க. எங்க தெருப் பள்ளத்தை மூடினது சிவப்புமில்ல, நீலமுமில்ல. நான். என் கையால."

ரீனு மெதுவாக, இரங்கல் சொல்கிற குரலில் சொன்னார். "விஸ்டின் சார், பரவாயில்ல. எல்லாரும் கேக்கறதுதானே. உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

"யோவ், நான் கேக்கலய்யா!"

"அடுத்த நேயர், வணக்கம்."

அடுத்த நேயர் வெளுத்து வாங்கினார். "இத்தனை வருஷமா எங்களுக்கெல்லாம் ஞான உபதேசம் பண்ணினாரே, பார்த்தீங்களா? வாசல்ல பள்ளம் விழுந்ததும் வால் சுருண்டுடுச்சு." அதற்கடுத்தவர், விஸ்டினுக்கு எந்த மந்திரி என்று தெரிந்தால் தன் தெருவுக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

கிளப்பில் நிலைமை இன்னும் மோசம். அங்கே யாரும் ஏசவில்லை. எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். கண்ணாடிக் கிளாஸில் டீயும், சூடான பாலாடைக்கட்டி பப்ஸும் அவர் முன்னால் தானாக வந்து உட்கார்ந்தன. ஒருவன் தன் தங்கை மகனுக்குத் துறைமுகத்தில் வேலை வேண்டுமென்றான். இன்னொருவன் மொட்டைமாடியில் ஒரு அறை கட்ட வேண்டுமென்றான். "உங்க ஆளுகிட்ட ஒரு வார்த்தை, விஸ்டின் மாமா." நேற்றுவரை அவரைப் பார்த்தால் கோழி இறகுக் கதைக்குப் பயந்து ஓடினவர்கள் இவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கேட்டான் என்று ஏசினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். கேட்டான் என்று மரியாதை கொடுத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

வானொலியைக் கேட்டுவிட்டு அன்றைக்கே லோன்சா படகிலிருந்து இறங்கி வந்தாள். மூடின பள்ளத்தை மூன்று தரம் சுற்றி வந்து, வாசலிலேயே புருஷனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். எதிர் வீட்டு ஜன்னல்கள் மூன்று திறந்து மூடின.

"எனக்காக உன் வைராக்கியத்தையே விட்டுட்டியே மனுஷா. யாரைக் கேட்டே? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"லோன்சா, சத்தியமா யாரையும் கேக்கல. நானே சிமெண்ட் வாங்கி, நானே கலந்து, நானே போட்டேன்."

லோன்சா அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் குழாய் முன்னால் நின்றார்கள். டொக். டொக்.

"ஒரு வாஷர் மாட்டத் தெரியாதவன் ரோடு போட்டியா?" என்று செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளினாள். "கவலைப்படாதே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." பிறகு அலமாரியைக் குடைந்துகொண்டே, "என் நத்தைப் பானை எங்க? திருவிழாவுக்கு அண்ணன் வருவான், நத்தை வேகவைக்கணும்" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு விஸ்டின் படுக்கப் போனார். ஊர் நம்பாததைக்கூட அவர் பொறுத்திருப்பார். கட்டினவள் நம்பாமல் மன்னித்துவிட்டாள் பாருங்கள், அதற்கு மருந்தே இல்லை.

வேறு வழியே தெரியவில்லை. ஞாயிறு காலையில், திருவிழா அன்று, கடப்பாரையோடு தெருவில் இறங்கினார். பிளந்து போட்டுவிட்டால் உள்ளே இருக்கிற பூந்தொட்டியும் பேப்பரும் ஊருக்கு உண்மையைச் சொல்லும். அவர் பெயர் பிழைக்கும். கடப்பாரையை ஓங்கும்போது மேலே பாட்டுச் சத்தம் கேட்டது. லோன்சா பால்கனிக்குச் சிவப்புப் பட்டுத் துணி கட்டிக்கொண்டே, பக்திப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காகிதப் பூக் கூடைகள் வரிசையாக இருந்தன. விஸ்டின் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பெயர் போனால் போகட்டும், அவள் பூ கொட்டட்டும் என்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையிலேயே சத்தம் போடாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

சாயங்காலம் வெடி அதிர, பாண்டு முழங்க, புனிதர் ரொக்கு தெருமுனையில் தெரிந்தார். ஒரு கையால் அங்கியை விலக்கித் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு, காலடியில் வாயில் ரொட்டியோடு நாய் நிற்க, எட்டுப் பேர் தோளில் ஆடி ஆடி வந்தார். முன்னால் நஸ்ரேன். ஒரு பக்கம் பல் டாக்டர், மறுபக்கம் வக்கீல். இருவரும் சிலையின் நிழலை விட்டு நகராமல் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் விஸ்டின் கோட்டுப் போட்டு நின்றிருந்தார். மேலே லோன்சா கூடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் விஸ்டின் புத்தியில் அது உறைத்தது. சிலை வளைவில் நிற்கும். கவட்டைக் கம்புகளை ஊன்றுவார்கள். அவற்றில் ஒன்று நேராக அவருடைய சிமெண்டின் மேல் இறங்கும். ஊர் முழுக்க அதை அமைச்சகத்தின் வேலை என்று நம்பிக்கொண்டிருந்தது. அது யாருடைய வேலை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஓடிப்போய் நஸ்ரேன் கையைப் பிடித்தார். "நிறுத்தாதே! இங்க ஊனாதே! அது தாங்காது!"

"ஏன் தாங்காது?"

"நான் போட்டது, நஸ்ரேன்! உள்ள பேப்பர் இருக்கு!"

"விஸ்டின், திருவிழா அன்னிக்குமா உன் அரசியல்? தள்ளு அந்தப் பக்கம்." மணியை அடித்தார். "ஊனு!"

கம்புகள் தரையில் இறங்கின. சிலை அவற்றின்மேல் அமர்ந்தது. பாண்டு நின்றது. லோன்சா கூடையைக் கவிழ்த்தாள். காகிதப் பூக்கள் மழையாகக் கொட்டின. விஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மேலே இருக்கிற ஒருவரிடம் ஒன்றைக் கேட்டார்.

பப்படம் நொறுங்குகிற சத்தம் வந்தது. முன்பக்கக் கம்பு மெதுவாகச் சிமெண்டுக்குள் இறங்கியது. புனிதர் ரொக்கு பால்கனியைப் பார்த்து, அவசரமில்லாமல், மிக மரியாதையாகக் குனிந்தார். கூட்டம் "ஐயோ" என்றது. எட்டுப் பேரும் பாய்ந்து தோள் கொடுத்தார்கள். சிலை நிமிர்ந்தது. நாயின் வாயிலிருந்த ரொட்டிகூடக் கீழே விழவில்லை.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "இதெல்லாம் நீலக் கட்சிக்காரங்க பார்க்கிற வேலை. அவரே படம் போட்டாரே."

"நானா?" என்றார் வக்கீல். "நான் மூடலீங்க, மூடினதைப் பார்த்தேன். போட்டது உங்க அமைச்சகம்!"

"நாங்க தொடவேயில்ல!"

"அப்ப யாருதான்யா போட்டது?" என்று நஸ்ரேன் கத்தினார்.

"நான்தான்னு அப்போலேர்ந்து சொல்றேன்ல!" என்றார் விஸ்டின்.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மேலிருந்து ஓர் அலறல் வந்தது.

"என் நத்தைப் பானை!"

லோன்சா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கூட்டத்தை விலக்கி, உடைந்த சிமெண்டுக்குள் கையை விட்டு, ஒரு காது போன நசுங்கிய பானையை இழுத்தெடுத்தாள். அதன்மேல் போன வருஷத்துச் செய்தித்தாள் ஒன்று ஈரத்தோடு ஒட்டியிருந்தது. பானையைப் பார்த்தாள், கூழாய்க் கிடந்த சிமெண்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இவன்தான்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "என் குழாய் மேல ஆணை, இது இவன் வேலைதான்! இப்படியொரு வேலையை இந்தத் தீவுல வேற யாராலயும் செய்ய முடியாது!"

கூட்டம் குனிந்து பார்த்தது. உடைந்த பூந்தொட்டி, பேப்பர், பானை. எந்த அமைச்சகமும், எவ்வளவுதான் மோசமானதாக இருந்தாலும், நத்தைப் பானை போட்டு ரோடு போடாது. நஸ்ரேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அடப்பாவி. அப்ப நீ நெஜமாவே யாரையும் கேக்கலையா?"

"கேக்கல" என்றார் விஸ்டின்.

இந்தத் தடவை எல்லாரும் நம்பினார்கள். நன்றாகச் செய்திருந்தால் சாகும்வரை நம்பியிருக்க மாட்டார்கள். துறைமுக வேலை கேட்டவன் சத்தமில்லாமல் நழுவினான். சிலை தூக்குகிறவர்கள் அவரை வாயார ஏசிக்கொண்டே கிளம்பினார்கள். விஸ்டின் அத்தனை ஏச்சையும் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு களை, கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

லோன்சாவுக்கும் நஷ்டமில்லை. புனிதர் ரொக்கு வேறு எந்த வீட்டுப் பால்கனிக்கும் குனிந்ததில்லை என்று அண்ணிக்குக் கேட்கும்படி தேவாலய வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னாள். கிராசியா அன்றைக்கு நத்தை சாப்பிட வரவில்லை.

மறுநாள் எட்டு மணிச் செய்தி முடிந்தது.

"விஸ்டின் பேசறேன், ஹால் தவ்ராவுலேர்ந்து. ரீனு, எங்க தெருவுல ஒரு ஆளு பள்ளத்தை மூடியிருக்கான். இவ்வளவு கேவலமான வேலையை நான் பார்த்ததேயில்ல. புனிதர் உயிர் தப்பினதே பெரிசு. இந்த நாட்டுல வேலை தெரிஞ்சவன் வேலை செய்யறதில்ல, தெரியாதவன் கையை வச்சுடறான்."

"யாரு சார் அது?"

"நான்தான்."

"இப்ப நம்பறோம் சார்" என்றார் ரீனு. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு வானொலியிலேயே கேட்டது. "யாரையும் கேக்காமலேவா செஞ்சீங்க?"

விஸ்டின் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லோன்சா சொட்டுகிற குழாய்க்கடியில், சிமெண்ட் ஒட்டின பானையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல ரீனு" என்றார் கம்பீரமாக. "சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணின்னுகூட கேக்கல."